தானியம் ஊறவைத்தல்: வெளிநாட்டுப் பியர்ப் பெட்டியும் கொலன்னாவை அடுப்படியும்

வெளிநாட்டிலிருந்து விடுமுறைக்கு வரும் உறவுகளின் பயணப்பெட்டிக்குள் சொக்லேட், சவர்க்காரம், வாசனைத் தைலம் இருப்பது வழமை. கொலன்னாவையில் எமக்குத் தெரிந்த ஒரு வாடகை வீட்டுக்கு ரொறன்ரோவிலிருந்து வந்த பெட்டியில் வேறொரு பொருள் இருந்தது. வீட்டிலேயே பியர் தயாரிப்பதற்கான ஒரு தொகுதி. 1.7 கிலோ எடையுள்ள மோல்ட் பாணி ரின் ஒன்று, சிறிய ஈஸ்ட் பக்கற் ஒன்று, மெல்லிய துணிப்பை ஒன்று, கருமையும் செம்மையும் கலந்த உடைத்த பார்லி அரைக்கிலோ.

வன்னியிலிருந்து இடம்பெயர்ந்து, முகாம் வாழ்க்கையும் முடித்து, கொழும்பில் வேலை தேடி வந்து குடியேறிய குடும்பம் அது. வீட்டின் அம்மா பார்லிப் பையை முகர்ந்து பார்த்துவிட்டு, "உது நெஸ்டோமோல்ட் மணமெல்லோ மணக்குது, தம்பி" என்றார். இளைய மகனுக்கு இரண்டு கேள்விகள். இதை எப்படிச் செய்வது? இங்கே செய்யலாமா? அம்மாவிடம் மூன்றாவது கேள்வியொன்று இருந்தது. மூத்த மகன் 2009க்குப் பின்னர் பல வருடங்கள் குடிக்குள் கிடந்து, அதிலிருந்து மீண்டு வந்தவர். அவர் இருக்கும் வீட்டில் இதை வைத்திருக்கலாமா?

புலம்பெயர் நாடுகளில் வாழும் எம்மவர்களில் வீட்டில் பியர் தயாரிப்போர் இருக்கிறார்கள். இங்குள்ள இளைஞர்களும் காணொளிகளைப் பார்த்து ஆர்வம் கொள்கிறார்கள். எனவே இந்த மூன்று கேள்விகளுக்குமான விடையை ஓரிடத்தில் தொகுத்துத் தருவதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதலில் சட்டம்

இலங்கையில் மதுபான உற்பத்தி 1912ஆம் ஆண்டின் 8ஆம் இலக்க மதுவரிக் கட்டளைச் சட்டத்தின் கீழ் வருகிறது. அனுமதிப்பத்திரம் இன்றி எந்த மதுபானத்தையும் உற்பத்தி செய்வது குற்றமாகும். "விற்கவில்லை, வீட்டுத் தேவைக்குத்தான்" என்று சொல்வது இங்கே பாதுகாப்பு அல்ல. கசிப்பு வடிப்பவரைப் பிடிக்கும் அதே சட்டத்தின் கீழேயே வாளியில் பியர் நொதிக்க வைப்பவரும் வருவார். கள் இறக்கவும் விற்கவும்கூட அனுமதி தேவை என்பது பனையோடு வாழ்ந்த எம் மக்களுக்குத் தெரிந்ததே. மேலும், 2006ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கப் புகையிலை மற்றும் மதுசாரம் மீதான தேசிய அதிகாரசபைச் சட்டம் 21 வயதுக்குக் குறைந்தோருக்கு மதுபானம் விற்பதைத் தடை செய்கிறது.

புலம்பெயர் நாடுகளில் நிலைமை வேறு. பிரித்தானியாவில் வீட்டுத் தேவைக்கான பியருக்கு உரிமம் பெறவேண்டும் என்ற விதி 1963இல் நீக்கப்பட்டது. அமெரிக்காவில் 1978இல் நிறைவேற்றப்பட்ட சட்டம், வளர்ந்தவர் ஒருவருக்கு வருடத்துக்கு 100 கலன், இருவர் அல்லது அதற்கு மேற்பட்டோர் உள்ள வீட்டுக்கு 200 கலன் என்ற எல்லைக்குள் வரியின்றித் தயாரிக்க வழிவிட்டது. கனடாவிலும் சொந்தத் தேவைக்குத் தயாரிக்கலாம். ரொறன்ரோவில் சாதாரண பொழுதுபோக்காக இருக்கும் ஒன்று, கொலன்னாவையில் நீதிமன்றம் வரை இழுத்துச் செல்லக்கூடும்.

இதை அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. கொலன்னாவை எண்ணெய்க் குதங்களால் நாடறிந்த ஊர். 1995 ஒக்டோபர் 20 அன்று கொலன்னாவை, ஒருகொடவத்தை எண்ணெய்க் குதங்கள் தாக்கப்பட்டு எரிந்தன. அக்காலத்தில் கொழும்பில் இருந்த தமிழர்கள் வீட்டுச் சோதனைக்கும் பதிவுப் படிவத்துக்கும் நள்ளிரவுக் கதவுத் தட்டலுக்கும் பழகியிருந்தார்கள். அந்த நினைவோடு வாழும் ஒரு வீட்டுக்குள், அதிகாரி ஒருவர் வந்து வாளியைத் திறந்து பார்க்கக்கூடிய ஒரு காரணத்தை நாமே கொண்டுவந்து வைக்கலாமா என்பது சிந்திக்கவேண்டிய விடயம். ஆகவே கீழே தரப்படும் தயாரிப்பு விபரங்கள் சட்டம் அனுமதிக்கும் நாடுகளில் வாழ்வோருக்கானவை. இங்குள்ளோர் அறிவுக்காக வாசிக்கலாம். அந்த அறிவை இங்கே எப்படி வேறு விதமாகப் பயன்படுத்தலாம் என்பது கட்டுரையின் பிற்பகுதியில் உள்ளது.

கள்ளுக்கு ஏன் ஊறவைத்தல் தேவையில்லை?

பனம்பாளையிலிருந்து வடியும் சாறு ஏற்கெனவே இனிப்பானது. முட்டியில் விழுந்த கணமே காற்றிலும் முட்டியிலும் உள்ள ஈஸ்ட் அந்த இனிப்பை மதுசாரமாக மாற்றத் தொடங்கிவிடும். அதைத் தடுக்கத்தான் முட்டியின் உட்புறத்தில் சுண்ணாம்பு பூசிக் கருப்பநீர் எடுக்கிறோம். சுண்ணாம்பு இருந்தால் கருப்பநீர், இல்லாவிட்டால் கள்.

தானியத்தின் கதை வேறு. பார்லி மணிக்குள் இருப்பது மாப்பொருள். ஈஸ்ட் மாப்பொருளை உண்ணாது, சீனியையே உண்ணும். மாப்பொருளைச் சீனியாக உடைக்கும் நொதியங்களை அந்த மணியே முளைக்கும்போது உருவாக்குகிறது. எனவே மோல்ட் தயாரிப்பவர் பார்லியைத் தண்ணீரில் ஊறவைத்து, இடையிடையே நீரை வடித்துக் காற்றுப்பட விட்டு, ஏறத்தாழ இரண்டு நாட்களில் அதன் ஈரப்பதனைச் சுமார் 12 வீதத்திலிருந்து 45 வீதம் அளவுக்கு உயர்த்துகிறார். பின்னர் நான்கைந்து நாட்கள் முளைக்கவிட்டு, முளை நீள்வதற்கு முன்னர் சூடான காற்றில் உலர்த்தி நிறுத்திவிடுகிறார். இப்படி முளைகட்டி உலர்த்திய தானியமே மோல்ட். நெஸ்டோமோல்ட் குடித்து வளர்ந்த எல்லோருக்கும் அதன் மணம் தெரியும்.

பனங்கொட்டையைப் புதைத்து முளைக்கவிட்டவர்களுக்கு இது புதிய விடயம் அல்ல. முளைவிட்ட கொட்டையைப் பிளந்தால் உள்ளே பஞ்சு போன்ற இனிப்பான பூரான் இருக்கும். கல்லுப் போன்ற பருப்பை முளையானது கரைத்துத் தனக்கு உணவாக்கிக் கொள்வதன் அடையாளம் அது. பார்லிக்குள் நடப்பதும் அதுபோன்ற ஒரு வேலைதான்.

ஆக, ஊறவைத்தல் என்ற சொல் இங்கே இரண்டு இடங்களில் வருகிறது. ஒன்று, மோல்ட் தொழிற்சாலையில் பார்லியை முளைக்க வைப்பதற்கான ஊறல். மற்றது, வீட்டில் பியர் தயாரிப்பவர் மோல்ட்டைச் சுடுநீரில் தேயிலைப் பைபோல இட்டு, நிறமும் சுவையும் இறக்கும் ஊறல். தொகுதியில் வரும் சிறிய பார்லிப் பை இந்த இரண்டாவது ஊறலுக்கானது.

விசேட தானியங்கள் எவை?

தொகுதியில் உள்ள ரின்னுக்குள் இருப்பது, மோல்ட்டிலிருந்து இனிப்பைப் பிரித்தெடுத்துப் பனம்பாணிபோலக் காய்ச்சிக் கெட்டியாக்கிய பாணி. பியரின் மதுசாரத்துக்கு வேண்டிய சீனியில் பெரும்பகுதி இதிலிருந்தே வருகிறது. ஆனால் பாணியை மட்டும் கரைத்துச் செய்த பியர் ஒரே மாதிரியான, தட்டையான சுவையோடு இருக்கும். அதற்குப் புதிய மணமும் நிறமும் அடர்த்தியும் கொடுக்கவே விசேட தானியங்கள் சேர்க்கப்படுகின்றன. அவற்றை இரண்டாகப் பிரிக்கலாம்.

முதலாவது, கிறிஸ்டல் அல்லது கரமல் மோல்ட். முளைவிட்ட ஈரப் பார்லியை உலர்த்தாமல் அப்படியே 65 பாகை செல்சியஸ் அளவில் மூடி வேகவிடுவார்கள். உமிக்குள்ளேயே மாப்பொருள் சீனியாக மாறிவிடும். பின்னர் வறுக்கும்போது அந்தச் சீனி இறுகிக் கண்ணாடிபோல ஆகிவிடும். இலேசாக வறுத்தால் தேன் சுவை, நடுத்தரமாக வறுத்தால் சீனிப்பாகுச் சுவை, கடுமையாக வறுத்தால் உலர்ந்த பேரீச்சம்பழச் சுவை.

இரண்டாவது, கருக வறுத்த தானியங்கள். சொக்லேட் மோல்ட், கறுப்பு மோல்ட், முளைக்கவிடாமல் வறுத்த பார்லி ஆகியவை இதில் அடங்கும். சொக்லேட் மோல்ட்டில் சொக்லேட் எதுவும் இல்லை, நிறத்தால் வந்த பெயர் அது. இவை கோப்பிக்கொட்டையின் கசப்பையும் மணத்தையும் தருபவை. 1817இல் இங்கிலாந்தில் டானியல் வீலர் என்பவர் சுழலும் உருளையில் மோல்ட்டை வறுக்கும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். அதன் பின்னர், கருமையான பியர் செய்ய முழுத் தானியத்தையும் பழுப்பாக உலர்த்தத் தேவையில்லாமல் போனது. வெளிர் மோல்ட்டோடு சிறிதளவு கறுப்பு மோல்ட் போதுமானது.

இவ்விரு வகைகளிலும் மாப்பொருளை மாற்றும் வேலை முடிந்திருக்கும், அல்லது வறுபட்டே போயிருக்கும். அதனால்தான் வெறுமனே ஊறவைத்தால் போதும். வெளிர் மோல்ட், மியூனிக் மோல்ட், அவல்போலத் தட்டிய ஓட்ஸ் ஆகியவற்றுக்கு இது பொருந்தாது. அவற்றில் மாப்பொருள் அப்படியே இருக்கிறது. வெளிர் மோல்ட்டையும் மியூனிக்கையும் 63 முதல் 70 பாகைக்குள் 45 நிமிடம் தொடக்கம் ஒரு மணிநேரம் வரை பிடித்து வைத்தால் அவற்றின் சொந்த நொதியங்கள் வேலை செய்யும். ஓட்ஸுக்கு நொதியம் இல்லை, வெளிர் மோல்ட்டோடு சேர்த்தே வைக்கவேண்டும். இதை அறியாமல் ஓட்ஸை மட்டும் ஊறவைப்பவருக்குக் கிடைப்பது கஞ்சித் தண்ணீர் கலந்த கலங்கிய பியர்.

ஊறவைக்கும் முறை

20 லீற்றர் பியருக்கான அளவுகள் இவை.

செம்பழுப்புப் பியருக்கு நடுத்தர நிறக் கிறிஸ்டல் மோல்ட் 250 முதல் 300 கிராம். மண்ணிறப் பியருக்கு அதோடு சொக்லேட் மோல்ட் 100 கிராம். ஸ்டௌட் எனப்படும் கறுப்புப் பியருக்கு வறுத்த பார்லி 250 முதல் 300 கிராம், கிறிஸ்டல் 200 கிராம்.

1. தானியத்தை உடைத்துக்கொள்ளவும். ஒவ்வொரு மணியும் இரண்டு மூன்றாக உடைந்தால் போதும். மாவாக அரைக்கக்கூடாது. மாவு துணிப்பையைத் தாண்டி வந்து கலங்கலையும் துவர்ப்பையும் தரும். மிக்சியைத் தவிர்த்து, பிளாஸ்ரிக் பையில் இட்டு அம்மிக்குழவியால் அல்லது போத்தலால் உருட்டலாம்.

2. துணிப்பையில் தளர்வாகக் கட்டவும். தண்ணீர் மணிகளுக்கிடையே ஓட இடம் வேண்டும்.

3. 300 கிராம் தானியத்துக்கு 2 லீற்றர் தண்ணீர் எடுத்து 72 பாகை வரை சூடாக்கவும். தானியம் விழுந்ததும் வெப்பம் ஓரிரு பாகை இறங்கும். நெருப்பை நிறுத்தி, பாத்திரத்தை மூடி, துவாயால் சுற்றி 30 நிமிடம் விடவும். 65 முதல் 75 பாகைக்குள் இருந்தால் சரி. 77 பாகையைத் தாண்டவிடக்கூடாது. வெப்பமானி இல்லாமல் இதைச் செய்யவேண்டாம்.

4. பையைத் தூக்கி வடியவிடவும். அரை லீற்றர் சுடுநீரை, 70 பாகை அளவில், பையின் மேல் மெதுவாக ஊற்றிக் கழுவி எடுக்கலாம். பையை முறுக்கிப் பிழியாமல் விடுவது நல்லது.

5. வடிந்த கசாயத்தை 10 நிமிடமாவது கொதிக்கவிடவும். இதைத் தவிர்க்கவே கூடாது. தானிய உமியில் புளிக்கவைக்கும் பற்றீரியாக்கள் இயல்பாகவே உள்ளன. 70 பாகையில் ஊறிய கசாயம் கிருமி நீங்கிய கசாயம் அல்ல.

6. நெருப்பை நிறுத்திய பின்னர் ரின்னில் உள்ள பாணியை ஊற்றிக் கலக்கவும். நெருப்பு எரியும்போது ஊற்றினால் பாணி அடியில் பிடித்துக் கருகும். பாணியில் ஏற்கெனவே ஹொப்ஸ் கசப்புச் சேர்க்கப்பட்டிருந்தால் நீண்ட நேரம் கொதிக்கவிடத் தேவையில்லை. கொதித்தால் அதன் வாசனை போய்விடும்.

7. கிருமி நீக்கிய வாளிக்குள் இட்டு, கொதித்தாறிய தண்ணீரால் 20 லீற்றராக்கி, 24 பாகைக்குக் கீழே ஆறிய பின்னர் ஈஸ்ட் தூவவும்.

இங்கே ஒரு தவறான எண்ணத்தைக் களையவேண்டும். ஊறவைத்தால் பியரின் வெறி கூடும் என்று பலர் நினைக்கிறார்கள். 300 கிராம் கிறிஸ்டல் மோல்ட் 20 லீற்றரில் சேர்க்கும் அடர்த்தி 0.002 அல்லது 0.003 அளவுதான். அதிலும் ஒரு பகுதி ஈஸ்ட்டால் உண்ணமுடியாத சீனி. மதுசாரத்தில் ஏற்படும் வேறுபாடு 0.3 வீதத்துக்கு மேல் போகாது. ஊறவைப்பது சுவைக்காகவே. தானியத்தை இரட்டிப்பாக்கினால் வெறி இரட்டிக்காது, குடிக்கமுடியாத கசப்பே இரட்டிக்கும்.

கருக வறுத்த தானியங்களைக் குளிர்ந்த நீரில், குளிர்சாதனப் பெட்டிக்குள், ஓர் இரவு ஊறவிடும் வழக்கமும் உண்டு. அடிநாக்கில் பிடிக்கும் காரக் கசப்புக் குறைவாக இருக்கும். அதையும் வடித்தபின் கட்டாயம் கொதிக்கவைக்கவேண்டும்.

77 பாகையும் கிணற்றுத் தண்ணீரும்

வெப்பம் ஏன் இவ்வளவு முக்கியம்? தானியத்தின் உமியில் தனின் இருக்கிறது. தேயிலையை நெடுநேரம் கொதிக்கவிட்டால் நாக்கில் ஒட்டும் துவர்ப்பு இந்த இனத்தைச் சேர்ந்தது. வெப்பம் கூடும்போதும், தண்ணீர் தானியத்தை விட மிக அதிகமாக இருக்கும்போதும், தண்ணீர் காரத்தன்மை கொண்டதாக இருக்கும்போதும் தனின் அதிகமாகக் கரையும். இம்மூன்றும் சேர்ந்தால் பியர் துவர்த்துப்போகும்.

மூன்றாவது காரணம் யாழ்ப்பாணத்தாருக்கு நன்கு விளங்கும். குடாநாடு சுண்ணாம்புக்கல்லின் மேல் இருக்கிறது. கிணற்று நீரைக் கொதிக்கவைத்தால் கேத்தலின் அடியில் வெள்ளைப் படை படியும். இத்தகைய நீரில் வெளிர் நிறத் தானியத்தை ஊறவைத்தால் துவர்ப்பு எளிதில் இறங்கும். கருக வறுத்த தானியங்களோ இயல்பிலேயே சற்று அமிலத்தன்மை உடையவை. அவை காரத்தன்மையை ஈடுசெய்துவிடும். சுண்ணாம்பு நீர் கொண்ட அயர்லாந்தின் டப்ளின் நகரம் கறுப்புப் பியருக்குப் பேர்போனதற்கு இதுவும் ஒரு காரணம். இலண்டனின் குழாய்நீரும் சுண்ணாம்பு நிறைந்ததே. அங்குள்ள எம்மவர்கள் முதன்முதலில் கருமையான வகையை முயல்வது பலன்தரும்.

குழாய்நீரில் குளோரின் இருந்தால் பியரில் மருந்துக்கடை வாடை வரும். கொதிக்கவைத்தாலோ ஓர் இரவு திறந்து வைத்தாலோ சாதாரண குளோரின் நீங்கும். சில நகரங்களில் குளோரமின் சேர்க்கிறார்கள். அதற்குச் சிட்டிகை சோடியம் மெற்றாபைசல்பைற்று வேண்டும்.

சூடும் போத்தலும்

தொகுதியோடு வரும் ஈஸ்ட் பெரும்பாலும் 18 முதல் 22 பாகைக்குள் நன்கு வேலை செய்யும். 30 பாகையில் நொதித்தால் வார்னிஷ் வாடையும் மறுநாள் தலையிடியும் தரும் கனமான மதுசாரங்கள் உருவாகும். கொழும்பு போன்ற வெப்பமான இடத்தில் ஊறவைக்கும் நுட்பம் எவ்வளவு சரியாக இருந்தாலும் இந்த ஒரு காரணத்தால் பியர் கெட்டுப்போகும். கோடையில் ரொறன்ரோவின் மேல்மாடி அறைகளுக்கும் இது பொருந்தும். நோர்வேயின் கிராமங்களில் வழிவழியாகப் பேணப்பட்ட குவைக் என்ற ஈஸ்ட் வகை 30 முதல் 40 பாகையிலும் பழுதில்லாமல் நொதிக்கக்கூடியது.

நொதித்தல் முடிந்ததா என்பதை அடர்த்திமானியால் பார்க்கவேண்டும். மூன்று நாட்கள் ஒரே அளவு காட்டினால் முடிந்துவிட்டது என்று பொருள். ஆரம்ப அளவு 1.045, இறுதி அளவு 1.010 எனில் வித்தியாசமான 0.035ஐ 131ஆல் பெருக்க, மதுசாரம் ஏறக்குறைய 4.6 வீதம். முடிவதற்குள் போத்தலில் அடைத்தால் வாயு சேர்ந்து கண்ணாடிப் போத்தல் வெடிக்கும். நுரைக்காகச் சேர்க்கும் சீனி லீற்றருக்கு 6 கிராம், அதாவது 20 லீற்றருக்கு 120 கிராம் போதும். சிறுவர்கள் உள்ள வீட்டில் பிளாஸ்ரிக் போத்தல்களே பாதுகாப்பானவை.

வடிக்கக்கூடாது

பியரைக் காய்ச்சி வடித்தால் வலுவான மதுபானம் கிடைக்கும் என்று காட்டும் காணொளிகள் ஏராளம். வீட்டில் பியர் அனுமதிக்கப்பட்ட கனடா, பிரித்தானியா, அமெரிக்கா ஆகிய நாடுகளிலும் உரிமமின்றி வடிப்பது சட்டவிரோதம். தானியத்தை நொதிக்கவிட்ட பியரில் மெதனோல் மிகச் சொற்பமே. தெரியாத கையால் வடித்த சாராயத்திலும், கடுமை கூட்டுவதற்காகத் தொழிற்சாலை மெதனோல் கலக்கப்பட்ட சாராயத்திலும்தான் கண்ணும் உயிரும் போகின்றன. 2024 ஜூனில் தமிழ்நாட்டின் கள்ளக்குறிச்சியில் மெதனோல் கலந்த சாராயம் 60க்கும் மேற்பட்டோரின் உயிரைக் குடித்தது. இறந்தவர்களில் பெரும்பாலோர் அன்றாடக் கூலி உழைப்பாளிகள். வடமராட்சியில் திக்கம் வடிசாலை போன்ற இடங்களில் பனங்கள் வடிக்கப்பட்டது அனுமதியோடும் அளவீட்டோடும் ஆகும். குசினி அடுப்பு வடிசாலை ஆகாது.

இலங்கையில் பியர் வந்த வழி

இலங்கையில் பியரின் கதை நுவரெலியாவில் தொடங்குகிறது. பின்னாளில் ஆபிரிக்காவில் அல்பேட் ஏரியை ஐரோப்பாவுக்கு அறிமுகப்படுத்திய சாமுவேல் பேக்கர், அதற்கு முன்னர் நுவரெலியாவில் குடியேறி 1849இல் அங்கே பியர் தயாரித்தார். 1881இல் அது வர்த்தக முயற்சியாகியது. குளிரும் மென்மையான மலைநீரும் அங்கே துணை நின்றன. 1998இல் உற்பத்தி கொழும்புக்கு வெளியே பியகமவுக்கு மாறியது. குளிரூட்டும் இயந்திரங்கள் இருந்தால் மலை தேவையில்லை என்ற நிலை வந்துவிட்டது. ஆனால் பார்லியும் ஹொப்ஸும் இன்றும் கடல்தாண்டியே வருகின்றன.

பியகமவும் கொலன்னாவையும் ஒரே ஆற்றின் ஊர்கள். 2016 மே மாதத்தில் களனி கங்கை பெருகியபோது பியகமவில் இருந்த பியர் ஆலைக்குள் வெள்ளம் புகுந்து உற்பத்தி பல மாதங்கள் நின்றது. அதே வெள்ளம் கீழே கொலன்னாவையின் வீடுகளைக் கூரைவரை மூடியது. அடுத்த வருடம், 2017 ஏப்ரல் 14 புத்தாண்டு நாளில், மீதொட்டமுல்லைக் குப்பைமேடு சரிந்து 30க்கும் மேற்பட்டோரைப் புதைத்தது. சிங்களவர், தமிழர், முஸ்லிம்கள் எனப் பாராமல் ஏழைகளின் வீடுகளுக்கு மேல் வரும் அழிவுகளை இந்த ஊர் கண்டிருக்கிறது.

எமது அடுப்படியில் அதே அறிவு

ஊறவைத்து முளைக்கவிடும் அறிவு பியருக்கு மட்டும் உரியதல்ல. சட்டச் சிக்கல் எதுவும் இல்லாமல், பெரிய செலவும் இல்லாமல், இங்கே அதைப் பயன்படுத்தும் வழி ஒன்று முளைக் குரக்கன் மா.

குரக்கனைக் கல் நீக்கிக் கழுவி 12 மணிநேரம் ஊறவைக்கவும். இடையில் ஒருமுறை தண்ணீரை மாற்றவும். வடித்து ஈரத்துணியில் கட்டி ஒன்று முதல் இரண்டு நாட்கள் வைத்தால் வெண்மையாக முளை எட்டிப்பார்க்கும். கொழும்பின் புழுக்கத்தில் சீக்கிரம் முளைக்கும், சீக்கிரம் பூஞ்சணமும் பிடிக்கும். எனவே காலையும் மாலையும் கழுவவேண்டும். புளித்த வாடையோ பூஞ்சணமோ வந்தால் யோசிக்காமல் கொட்டிவிடவும். முளைத்ததை நல்ல வெயிலில் முழுமையாக உலர்த்தி, இளஞ்சூட்டில் வறுத்து, முளையை உதறிவிட்டு அரைத்துச் சலித்து, காற்றுப்புகாத போத்தலில் வைக்கவும்.

இதன் பயன் என்னவென்றால், சாதாரண மாவில் குழந்தைக்குக் கஞ்சி காய்ச்சினால் சிறிதளவு மாவிலேயே இறுகிவிடும். இளக்கத் தண்ணீர் ஊற்றினால் குழந்தையின் சிறிய வயிறு தண்ணீரால் நிரம்பும், சத்துப் போதாது. முளைகட்டிய மாவின் நொதியங்கள் மாப்பொருளை உடைப்பதால் கஞ்சி இளகலாகவே இருக்கும். அதே கிண்ணத்துக்குள் கூடுதல் மாவைச் சேர்க்கலாம். சாதாரண மாக் கஞ்சி இறுகிப்போனால், அது கைபொறுக்கும் சூட்டுக்கு ஆறியதும் ஒரு தேக்கரண்டி முளைமாவைக் கலந்து சில நிமிடம் விட்டுப் பாருங்கள், கண்முன்னே இளகும். அதன் பிறகு மீண்டும் ஒருமுறை கொதிக்கவைத்தே குழந்தைக்குக் கொடுக்கவேண்டும். ஆறு மாதம் நிறைவடைந்த குழந்தைகளுக்குத்தான் இது. தாய்ப்பாலுக்குப் பதிலாக அல்ல, அதோடு சேர்த்து. ஊர்க் குடும்ப நல மாதுவிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வது நன்று.

வறுத்த பார்லியை ஊறவைத்துக் குடிப்பதும் உண்டு. யப்பானிலும் கொரியாவிலும் அது தேநீருக்கு இணையான அன்றாடப் பானம். ஒரு மேசைக்கரண்டி வறுத்த பார்லியை அரை லீற்றர் சுடுநீரில் பத்து நிமிடம் ஊறவிட்டு வடித்தால் கோப்பி மணம் கொண்ட, மதுசாரமும் கபேனும் இல்லாத பானம் கிடைக்கும். நீர்க்கடுப்புக்குப் பார்லித் தண்ணீர் குடித்துப் பழகிய எமக்கு அது அந்நியமாக இராது.

அம்மாவின் கேள்வி

மூன்றாவது கேள்விக்குச் சட்டப்புத்தகத்தில் விடை இல்லை. போர் முடிந்த பின்னரும் பல வீடுகளில் போர் முடியவில்லை. நித்திரைக்காகக் குடித்தவர்கள், சத்தங்களை மறக்கக் குடித்தவர்கள், காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளையின் பெயர் காதில் விழாமல் இருக்கக் குடித்தவர்கள் எம்மிடையே இருக்கிறார்கள். அவர்களில் ஒருவர் மீண்டு வந்திருக்கும் வீட்டுக்குள், மூன்று வாரம் குமிழி விட்டுக்கொண்டிருக்கும் வாளி என்பது ஒவ்வொரு நாளும் அவரைக் கூப்பிடும் குரல். புலம்பெயர் நாடுகளில் சட்டம் அனுமதிக்கும் வீடுகளுக்கும் இது பொருந்தும். மனநல மருந்துகள் எடுப்பவர்களுக்கு மதுசாரம் ஆபத்தானது. நீண்டகாலம் நாள்தோறும் குடித்தவர் திடீரென நிறுத்தினால் நடுக்கமும் வலிப்பும் வரலாம், மருத்துவ உதவியோடு நிறுத்துவதே பாதுகாப்பு. கொலன்னாவைக்கு அண்மையில் அங்கொடையில் தேசிய மனநல நிறுவனம் உள்ளது. அதன் தொலைபேசி உதவிச் சேவையின் இலக்கம் 1926.

அந்த வீட்டில் நடந்தது இதுதான். ரொறன்ரோ மாமாவிடம் இளைய மகன் சட்டத்தைச் சொன்னார். அம்மா மற்றதைச் சொன்னார். "எனக்கு உது தோன்றேல்லை, அக்கா" என்று மாமா சொன்னார். பாணி ரின்னும் ஈஸ்ட்டும் அவருடனேயே திரும்பிப் போயின. பையில் இருந்த பார்லி மட்டும் தங்கிவிட்டது. ஒரு பின்னேரம் அம்மா அதில் ஒரு பிடி எடுத்துத் துணியில் கட்டி, சுடுநீரில் ஊறவிட்டு, பனங்கட்டியோடு எல்லோருக்கும் ஊற்றிக் கொடுத்தார். மூத்தவர் இரண்டாவது கோப்பையும் கேட்டு வாங்கிக் குடித்தார்.